கணவன் மனசுல இருக்கிற இந்தப் பொறாமைக்கு என்ன சொல் போடலாம்?

எழுதிட்டிருக்கிற சிறுகதை ஒரே ஒரு சொல்லில் முட்டி நிற்கிறது. கதை நடப்பது 1965-இல். மனைவிக்கு அவள் அத்தை மகனிடமிருந்து கடிதம் வருகிறது. படித்துச் சிரித்துவிட்டு, மடித்து அரிசிப் பானைக்குள் செருகுகிறாள். கணவன் பார்த்துக்கொண்டே இருக்கிறான். கேட்கவும் இல்லை, சண்டையும் இல்லை. அவனுக்குள் ஓடுவதைத்தான் சொல்ல வேண்டும்.

'பொறாமை' என்று போட்டேன். அடுத்தவனிடம் இருப்பது எனக்கில்லையே என்ற ஆற்றாமைதான் அதில் முதலில் கேட்கிறது. இவனுக்கோ தன்னிடம் இருப்பது போய்விடுமோ என்ற பயம். 'அழுக்காறு' பார்த்தேன். குறளின் 17-ஆம் அதிகாரம் முழுக்கப் பிறர் ஆக்கம் பொறுக்காத குணத்தைத்தான் பேசுகிறது. 'ஔவியம்', 'அசூயை' இரண்டும் அதே பக்கம். 'வயிற்றெரிச்சல்', 'காய்மகாரம்' பங்காளிச் சண்டைக்குத்தான் சரி. 'சந்தேகம்' போட்டால் அவன் வில்லனாகிவிடுகிறான். 'பொசசிவ்' அந்தக் காலத்து வாயில் ஒட்டாது (இந்தக் காலத்திலும் எனக்குப் பிடிக்காது).

கிட்டத்தில் வந்தது 'புலவி'தான், அதாவது காதலர்க்குள் வரும் ஊடல். 1317-ஆம் குறளில் தலைவன் தும்முகிறான். வாழ்த்தியவளே உடனே, யார் நினைத்துத் தும்மினீர் என்று அழுகிறாள். உணர்வு அச்சு அசல் இதுதான். ஆனால் புலவியில் கோபம் வெளியே தெரியும், கொஞ்சலும் கலந்திருக்கும். இவன் வாயே திறக்கவில்லையே.

நீளமான விளக்கமாக எழுத வழி தெரியும், அது வேண்டாம். உங்கள் ஊர்ப் பேச்சிலோ பழைய இலக்கியத்திலோ, தன்னவள் கைவிட்டுப் போவாளோ என்ற இந்தப் பொறாமைக்கென்று தனிச் சொல் இருக்கிறதா?