வியட்நாமில் ஃபோ கடை: மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் எப்படிச் சமாளிப்பது?

பொள்ளாச்சி பயணி:

டிசம்பர் கடைசியில் குடும்பத்தோடு வியட்நாம் போகிறோம். ஹனோயில் இறங்கி, ஹாலாங் பே பார்த்துவிட்டு, சைகோனில் (இப்போது ஹோ சி மின் நகரம்) முடிக்கிறோம். டிக்கெட், விசா எல்லாம் ஆகிவிட்டது, வீட்டில் இப்போது ஓடிக்கொண்டிருப்பது சாப்பாட்டுப் பஞ்சாயத்துதான். டூர் ஏஜென்ட் மூன்று வேளையும் இந்தியன் ரெஸ்டாரெண்ட் என்று போட்டுக் கொடுத்தார், காலையும் மதியமும் வேண்டாம் என்று நான்தான் வெட்டச் சொன்னேன். அவ்வளவு தூரம் போய் பன்னீர் பட்டர் மசாலா தின்ன எனக்கு இஷ்டமில்லை. ஊர்க்காரர்கள் காலையில் உட்கார்ந்து ஃபோ (அவர்களுடைய அரிசி நூடுல்ஸ் சூப்) சாப்பிடுகிற சின்னக் கடையில் நானும் உட்கார வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

சிக்கல் என்னவென்றால், நான் எதையும் சாப்பிடுவேன். அம்மா கோழி, மீன் சாப்பிடுவார், மாடும் பன்றியும் கூடவே கூடாது, அதே சட்டியில் வெந்தது என்று தெரிந்தால் கையைக் கழுவிவிடுவார். மனைவி சுத்த சைவம். பையனுக்கு ஒன்பது வயது, காரம் ஆகாது. ஃபோ என்றாலே மாட்டெலும்பு சூப்தான் என்கிறார்கள், கோழி ஃபோ கேட்டாலும் அதே மாட்டுச் சாற்றைத்தான் ஊற்றுவார்களா? ஒரு கிண்ணம் என்ன விலை? இன்னொன்று, அம்மாவுக்கு முட்டி வலி. படத்தில் பார்த்தால் எல்லோரும் குழந்தைகள் ஸ்டூல் மாதிரி ஒன்றில் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார்கள், அதில் அவர் உட்கார்ந்தால் எழுப்ப இரண்டு பேர் வேண்டும்.

ஹனோய்வாசி:

வேலைக்காக ஹனோய் பக்கம் வந்து சில வருடங்கள் ஆகின்றன, காலைச் சாப்பாடு பெரும்பாலும் ஃபோதான். உங்கள் முதல் கேள்விக்கு நேரடியான பதில்: இரண்டும் விற்கிற கடையில் கோழி கேட்டால் மாட்டுச் சாறு வர வாய்ப்பு உண்டு. சில கடைகளில் தனித்தனிக் குண்டான் வைத்திருப்பார்கள், சிலவற்றில் ஒரே குண்டான், மேலே போடுகிற கறி மட்டும் வேறு. கேட்டுத் தெரிந்துகொள்வதும் நடக்காது, கடையம்மாவுக்கு எதைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே தலையாட்டத்தான் நேரம் இருக்கும்.

அதனால் கோழி ஃபோ மட்டும் விற்கிற கடைக்குப் போங்கள். ஹனோயில் அப்படி நிறைய உண்டு, கண்டுபிடிப்பதும் லேசு. வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கும், அதற்குள் அவித்த முழுக் கோழிகள் மஞ்சள் தோலோடு வரிசையாகக் கிடக்கும் அல்லது தொங்கும். பலகையில் ‘ஃபோ கா’ என்று மட்டும் இருக்கும். ‘கா’ கோழி, ‘போ’ மாடு. பன்றிக்கு வடக்கே ‘லொன்’, தெற்கே ‘ஹெயோ’. இந்த எழுத்துகளை மட்டும் போனில் படமாக வைத்துக்கொண்டால் பாதி பிரச்சினை முடிந்தது. மிச்சப் பாதிக்கு, ஹோட்டல் ரிசப்ஷனில் இருக்கும் பெண்ணிடம் ‘இவருக்கு மாடு, பன்றி, அவற்றின் சாறு எதுவும் ஆகாது’ என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பு ஆப் காட்டுவதைவிட அந்தச் சீட்டுக்கு மரியாதை அதிகம்.

கோழி ஃபோவை மாட்டுக்குப் பதில் என்று நினைக்காதீர்கள், அது தனி ருசி. பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் வாரத்தில் சில நாள் மாட்டிறைச்சி கிடைக்காததால் கோழியில் போட ஆரம்பித்தார்கள் என்று இங்கே ஒரு கதை சொல்வார்கள். சாறு தெளிவாக, மேலே லேசாகக் கோழிக் கொழுப்பு மினுக்கிக்கொண்டு வரும். நல்ல கடையில் எலுமிச்சை இலையை மயிரிழையாக நறுக்கித் தூவுவார்கள், அந்த மணம் மாட்டு ஃபோவில் இருக்காது. தொடைக்கறி கேட்டால் கொஞ்சம் விலை கூடும், நெஞ்சுக்கறி சக்கையாக இருக்கும், தொடையே வாங்குங்கள். ஈரல், முட்டைக் கரு எல்லாம் தனியாகக் கேட்கலாம். பழைய நகரத்துக்குப் பக்கத்தில் ஃபூ ஸ்வான் தெருவில் ‘ஃபோ கா ங்யுயெத்’ என்று ஒரு கடை, 2023இல் உணவகங்களைத் தரம் பிரிக்கிற மிஷ்லின் கையேடு முதன்முதலாக வியட்நாமுக்கு வந்தபோது மலிவுக் கடைகள் பட்டியலில் அதுவும் இருந்தது. கூட்டம் இருக்கும். அதைவிட உங்கள் ஹோட்டல் சந்திலேயே இருக்கும் ஒன்று பிடித்துப்போகலாம், எனக்கு அப்படித்தான் ஆனது.

விலை ஹனோயில் 40,000 முதல் 70,000 டாங். கடைசி மூன்று சுழியைத் தள்ளிவிட்டு மூன்றரையால் பெருக்கினால் ஏறக்குறைய நம் ரூபாய். அதாவது 50,000 டாங் என்றால் 175 ரூபாய் பக்கம். எழும்போது காசு கொடுத்தால் போதும், ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள், சுவரில் ஒட்டியிருக்கும் கியூஆர் பெரும்பாலும் உள்ளூர் வங்கிக் கணக்குக்காரர்களுக்கு. 20,000 நோட்டும் 500,000 நோட்டும் இரண்டுமே நீலம், இருட்டில் மாறிப்போகும், பிரித்து வையுங்கள்.

நேரம் முக்கியம். இது காலைச் சாப்பாடு. ஆறு மணிக்கே ஓடிக்கொண்டிருக்கும், குண்டான் காலியானால் பத்து மணிக்குக் கடையைக் கட்டிவிடுவார்கள், சிலர் சாயங்காலம் மறுபடி திறப்பார்கள். ஹோட்டலில் ஓசி பிரேக்ஃபாஸ்ட் முடித்துவிட்டுப் பதினொரு மணிக்குத் தேடிப் போனால் சுற்றுலாக் கடைகள்தான் கிடைக்கும்.

ஸ்டூல் பற்றிக் கவலை வேண்டாம். நடைபாதையில் போட்டிருப்பதுதான் குட்டி ஸ்டூல். ஃபோ கடைகளில் உள்ளே பெரும்பாலும் சாதாரண உயரத்தில் மேசை இருக்கும். அம்மாவை உள்ளே சுவர் ஓரமாக உட்கார வையுங்கள், சாய்ந்துகொள்ளலாம்.

மெகாங் மீனவன்:

அண்ணன் ஹனோயைச் சொல்லிவிட்டார், நான் சைகோனைச் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டும் ஒரே பெயரில் வேறு சாப்பாடு. வடக்கே ஒரு கிண்ணம், கொஞ்சம் வெங்காயத்தாள், பூண்டு ஊறின வினிகர், மிளகாய், அவ்வளவுதான். தொட்டுக்கொள்ள ‘குவாய்’ என்று எண்ணெயில் பொரித்த நீள மாவுத் துண்டு, அதைச் சாற்றில் முக்கிச் சாப்பிட வேண்டும், பையனுக்கு அது ஒன்றே போதும். சைகோனில் உட்கார்ந்தவுடன் தட்டு நிறையக் கீரை வந்துவிடும்: அவர்கள் ஊர்த் துளசி, ஓரம் ரம்பம் மாதிரி இருக்கும் நீள இலைக் கொத்தமல்லி, முளைகட்டின பயறு, எலுமிச்சை. பக்கத்தில் கறுப்பாக ஒரு இனிப்பு சாஸ், சிவப்பாக ஒரு மிளகாய் சாஸ். சாறும் கொஞ்சம் தித்திப்பு, கற்கண்டு போடுவார்கள். 1954இல் நாடு வடக்கு தெற்காகப் பிரிந்தபோது லட்சக்கணக்கானவர்கள் தெற்கே வந்தார்கள், ஃபோ இங்கே பரவியது அவர்களோடுதான், அப்புறம் தெற்கத்தியக் கீரையும் இனிப்பும் சேர்ந்துகொண்டன.

ஒன்று மட்டும் கேளுங்கள், கிண்ணம் வந்தவுடன் அந்த சாஸ்களை உள்ளே பீய்ச்சாதீர்கள். முதலில் ஒரு கரண்டி சாறு குடித்துப் பாருங்கள். எலும்பைப் பல மணி நேரம் வேகவிட்டு, இஞ்சியும் வெங்காயமும் தீயில் சுட்டுப் போட்டு, பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, கறுப்பு ஏலக்காய் சேர்த்த சாறு அது, மசாலா மணம் நமக்குப் பழக்கமானதுதான், காரம் மட்டும் கிடையாது. சாஸைத் தனிக் குட்டிக் கிண்ணத்தில் ஊற்றிக் கறியை மட்டும் அதில் தொட்டுக்கொள்ளலாம், நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். முளைப்பயறைப் பச்சையாகத் தின்ன யோசனையாக இருந்தால் வெந்நீரில் போட்டுத் தரச் சொல்லலாம். அஜினமோட்டோ இருக்கும், பெரும்பாலான கடைகளில் இருக்கும், அதற்குப் பயந்தால் வியட்நாமில் பட்டினிதான்.

நீங்கள் மாடு சாப்பிடுவீர்கள் என்பதால் சொல்கிறேன், ‘தாய்’ என்றால் பச்சைக் கறியை மெல்லிசாகச் சீவி மேலே வைத்துக் கொதிக்கும் சாற்றை ஊற்றுவது, ‘சின்’ என்றால் முழுக்க வெந்தது. வயிறு பழகும்வரை சின் வாங்குங்கள்.

மேசைமேல் இருக்கும் ஈர டிஷ்யூ பாக்கெட், மாவுத் துண்டு இதெல்லாம் இலவசம் இல்லை, எடுத்தால் கணக்கில் ஏறும், இரண்டாயிரம் மூவாயிரம் டாங்தான், சண்டை போட வேண்டாம். சந்தைப் பக்கம் படம் போட்ட மெனுவோடு ஆள் வாசலில் நின்று கூப்பிடுகிற ஒரு கடையில் என்னிடம் பேசின விலையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வாங்கினார்கள், சாறும் வெந்நீர். விலை சுவரில் எழுதியிருக்கிற கடையில் உட்காருங்கள்.

சரித்திரம் பிடிக்கும் என்றால் லீ சின் தாங் தெருவில் ‘ஃபோ பின்’ கடைக்குப் போங்கள். வியட்நாம் போரில், 1968 தெத் புத்தாண்டு சமயத்தில் கம்யூனிஸ்ட் படைகள் நடத்திய தாக்குதலுக்கு சைகோனில் திட்டம் போட்ட ரகசியக் குழு அந்தக் கடை மாடியில்தான் கூடியது. கீழே ஃபோ விற்றுக்கொண்டே இருந்தார்கள்.

கானாடுகாத்தான்:

உங்கள் மனைவிக்கு: ‘சாய்’ என்று எழுதியிருக்கும் கடையைத் தேடுங்கள், சைவம் என்று அர்த்தம். சாதாரணக் கடையில் போய் கறி இல்லாமல் கொடு என்று கேட்கவே கேட்காதீர்கள், கறியை எடுத்துவிட்டு அதே எலும்புச் சாற்றைக் கொடுப்பார்கள், கொடுத்தவருக்கு அதில் தப்பே தெரியாது. மீன் சாஸ் வேறு எல்லாவற்றிலும் இருக்கும். ‘சாய்’ கடை பௌத்தர்களுக்கானது, முள்ளங்கி, கேரட், காளான் போட்டுச் சாறு வைப்பார்கள், பல கடைகளில் பூண்டு வெங்காயம்கூடச் சேர்ப்பதில்லை. கறி மாதிரியே இருக்கும் சோயா துண்டுகளைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம், அது சோயாதான். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் அங்கேயும் நிறையப் பேர் சைவம், அன்றைக்குக் கூடுதலாகக் கிடைக்கும். முட்டை சேர்ப்பார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சைகோனில் பென் தான் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் த்ருவோங் தின் தெருவில் மாரியம்மன் கோயில் இருக்கிறது, எங்கள் ஊர்ப்பக்கத்து நகரத்தார் லேவாதேவி செய்யப் போன காலத்தில் வந்தது. அம்மாவுக்குப் பிடிக்கும். வியட்நாமியர்கள் ஊதுவத்திக் கட்டோடு வந்து வேண்டிக்கொள்வதைப் பார்க்கலாம்.

பசித்தவன்:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபம் வேண்டாம். சட்டி, கரண்டி எல்லாம் பார்க்கிறவர்களை ரோட்டோரக் கடைக்குக் கூட்டிப்போவது அவர்களுக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம். பயம் இருந்தால் ருசி இறங்காது. அம்மாவையும் மனைவியையும் இந்தியன் ரெஸ்டாரெண்டில் விட்டுவிட்டு நீங்களும் பையனும் போய் நிம்மதியாகச் சாப்பிடுங்கள். இன்னொன்று, ஹுவே ஊர் ‘புன் போ’ என்று ஒரு நூடுல்ஸ் சூப் உண்டு, எலுமிச்சைப்புல் வாசமும் காரமுமாக, என்னைக் கேட்டால் ஃபோவைவிட அதுதான் ஒரு படி மேலே. மாடு, பன்றி, ரத்தக்கட்டி எல்லாம் ஒரே கிண்ணத்தில் இருக்கும், அம்மா பக்கத்தில் இருந்தால் அதை வாங்கவே மாட்டீர்கள்.

ஹனோய்வாசி:

@பசித்தவன், புன் போ விஷயத்தில் உங்களோடு சண்டைக்கு வரமாட்டேன். அம்மா விஷயத்தில் வருவேன். கோழி மட்டும் விற்கிற கடையில் மாட்டுக் கரண்டியே கிடையாது, பிறகு எதற்குப் பயம்? என் மாமியார் ஊரிலிருந்து வந்தபோது முதல் நாள் இட்லிப்பொடி டப்பாவோடு உட்கார்ந்திருந்தார். கடையம்மா வட்டமான மரக்கட்டையில் கோழியை வெட்டுவதையும், கூடையில் நூடுல்ஸை வெந்நீரில் நாலு முக்கு முக்கி உதறிக் கிண்ணத்தில் கவிழ்ப்பதையும் நேரில் பார்த்த பிறகு அவரே ஒன்று கேட்டார். இடியாப்பத்தில் பாயா ஊற்றித் தின்று வளர்ந்தவர்களுக்கு அரிசி நூடுல்ஸும் சூப்பும் ஒன்றும் அந்நியம் இல்லை. குண்டானைத் தெருவிலேயே வைத்திருப்பதால் எதுவும் மறைவு கிடையாது, அது ஒரு நிம்மதி.

பொள்ளாச்சி பயணி:

எல்லோருக்கும் நன்றி. கண்ணாடிப் பெட்டிக்குள் கோழி இருக்கும் கடை, ‘சாய்’ கடை, இரண்டையும் மேப்பில் குறித்துக்கொண்டேன். அம்மா பாதி சம்மதம். பையனுக்கு லீவு ஒத்துவராவிட்டால் பயணத்தை ஜனவரி கடைசி, பிப்ரவரி என்று தள்ளலாமா என்று ஒரு யோசனையும் இருக்கிறது, விலை குறையுமா?

மெகாங் மீனவன்:

தள்ளுவதற்கு முன்னால் அந்த வருடம் தெத் எப்போது என்று பாருங்கள். அது அவர்களுடைய சந்திரப் புத்தாண்டு, ஜனவரி கடைசிக்கும் பிப்ரவரி நடுப்பகுதிக்கும் இடையில் மாறி மாறி வரும். கடைக்காரர்கள் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள், குடும்பமாக நடத்துகிற ஃபோ கடைகள் பல நாள் பூட்டியே கிடக்கும், திறந்திருக்கும் ஒன்றிரண்டிலும் அந்த வாரம் விலையை ஏற்றியிருப்பார்கள். டிசம்பரே பரவாயில்லை. ஹனோயில் அப்போது காலையில் நன்றாகக் குளிரும், அம்மாவுக்கு ஸ்வெட்டர் எடுத்துவையுங்கள்.