அப்பா வளர்ந்த தெருவுக்கு அவரை அழைத்துச் செல்வது சரியா?

கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பா பிறந்து வளர்ந்து, படிப்பு முடிந்ததும் வேலைக்காக விட்டுவந்த பகுதியை நான் இதுவரை பார்த்ததில்லை. எழுபதைக் கடந்துவிட்ட அவரை ஒருமுறை அங்கே அழைத்துச் செல்ல விரும்புகிறேன். ஆனால் பேச்செடுத்தாலே, "அங்கே இப்போது யார் இருக்கிறார்கள்?" என்று முடித்துவிடுகிறார், சிறுவயதைப் பற்றி என்ன கேட்டாலும் "மறந்துவிட்டது" என்கிறார். அவரை வற்புறுத்தலாமா, அல்லது நான் மட்டும் போய்வருவது நல்லதா? அவர் வாழ்ந்த வீட்டின் கதவைத் தட்டலாமா?

மறுமொழி 1:

இயன்றால் அவரோடு செல்லுங்கள். "மறந்துவிட்டது" என்பதை முடிவான பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முதியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால், ஏறத்தாழ 10 முதல் 30 வயது வரையிலான நிகழ்ச்சிகளே அதிகமாக வெளிப்படுகின்றன என்பது உளவியலில் பலமுறை உறுதிசெய்யப்பட்ட ஒன்று. ஆனால் அவற்றை வெளியே கொண்டுவரத் தூண்டுகோல் வேண்டும். கோடன், பேட்லி என்ற இரு ஆய்வாளர்கள் 1975-இல் வெளியிட்ட ஆய்வில், நீருக்கடியில் சொற்களைக் கேட்ட முக்குளிப்பவர்கள் அவற்றைக் கரையில் இருந்தபோது நினைவுகூர்ந்ததைவிட, மீண்டும் நீருக்கடியில் இருந்தபோது நன்றாக நினைவுகூர்ந்தார்கள். வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நாம் கேட்கும் கேள்வியால் முடியாததை, அந்த இடம் தானாகவே செய்துவிடக்கூடும்.

என் அம்மாவுடன் அப்படி நடந்துபோனபோது, ஒரு வாயிற்கதவு வந்ததும் அவர் பேச்சை நிறுத்தாமலேயே தெருவின் எதிர்ப்பக்கம் மாறி நடந்தார். ஏன் என்று கேட்டதும் ஒரு கணம் திகைத்து, "அங்கே ஒரு நாயைக் கட்டியிருப்பார்கள்" என்றார். அந்த நாயைப் பற்றி அதற்குமுன் ஒருபோதும் அவர் சொன்னதில்லை. ஆகவே வண்டியைத் தொலைவிலேயே நிறுத்திவிட்டு, பள்ளியிலிருந்து வீடுவரை அவர் நடந்த வழியிலேயே, அவரை முன்னால் விட்டு நடந்து செல்லுங்கள். "இது நினைவிருக்கிறதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் அது தேர்வு போல ஆகிவிடும்.

மறுமொழி 2:

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் வற்புறுத்துவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. வறுமையோ, இழப்போ, அவமானமோ அந்தத் தெருவில் அவருக்கு நேர்ந்திருக்கலாம். அதைப் பிள்ளையிடம் சொல்லும் கடமை அவருக்கு இல்லை. முதலில் ஒரு தாளைக் கொடுத்து, தெருவை வரைந்து காட்டச் சொல்லுங்கள். எந்த வீட்டை அவர் பெரிதாக வரைகிறார், எந்தப் பக்கத்தை வெறுமையாக விடுகிறார் என்பதே உங்களுக்குப் பல செய்திகளைச் சொல்லும். கூகுளின் தெருக்காட்சி அந்தப் பகுதிக்குக் கிடைக்குமானால், அதையும் வீட்டிலிருந்தே காட்டலாம். சில இடங்களில் முந்தைய ஆண்டுகளில் எடுத்த படங்களும் அதில் உண்டு. பார்த்தபின் அவரே "போகலாம்" என்றால் புறப்படுங்கள். இல்லையென்றால் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நீங்கள் மட்டும் போய்வாருங்கள்.

மறுமொழி 3:

கதவைத் தட்டுவது பற்றி: தட்டலாம், ஆனால் இப்போது அது வேறொருவரின் வீடு என்பதை மறக்கக்கூடாது. வாசலிலேயே நின்று, யார், எதற்காக வந்தீர்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். அவர்களாக அழைத்தாலன்றி உள்ளே போக வேண்டாம். கேட்காமல் படம் எடுக்கவும் வேண்டாம். அந்த வீட்டின் பழைய புகைப்படம் உங்களிடம் இருந்தால், ஒரு பிரதி எடுத்துச் சென்று அவர்களுக்குக் கொடுங்கள். தாங்கள் வாழும் வீட்டின் பழைய தோற்றத்தைப் பார்க்க அவர்களுக்கும் ஆவல் இருக்கும்.