நடக்கும்போது நாடித்துடிப்பைத் தவறாகக் காட்டும் ஃபிட்னஸ் பேண்ட்: மாற்றாக எதை வாங்கலாம்?

கேள்வி:
வணக்கம். இரண்டு ஆண்டுகளாக மணிக்கட்டில் கட்டும் விலை குறைந்த ஃபிட்னஸ் பேண்ட் ஒன்றை அணிந்து வருகிறேன். உட்கார்ந்திருக்கும்போது நாடித்துடிப்பைச் சரியாகவே காட்டும் அது, வேகமாக நடக்கத் தொடங்கிய சில நிமிடங்களில் 120-க்குத் தாவி அங்கேயே நின்றுவிடுகிறது. நேற்று நடையை நிறுத்திய கையோடு கழுத்தில் விரல் வைத்து 15 விநாடி எண்ணினேன். 24 துடிப்பு, அதாவது நிமிடத்துக்கு 96. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிச் செல்லும் நாள்களில் நடந்த அடிகளில் பாதிகூடக் கணக்கில் ஏறுவதில்லை. இதற்கு மாற்றாக, ரத்த அழுத்தம், சர்க்கரை அளவு எல்லாம் காட்டும் என்று விளம்பரம் செய்யப்படும் மலிவான ஸ்மார்ட்வாட்ச் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். எனக்கு வேண்டியவை நடை, தூக்கம், நாடித்துடிப்பு ஆகிய மூன்றுதாம். வாங்கலாமா?

மறுமொழி 1:
நீங்கள் குறிப்பிட்ட 120 என்ற எண்ணே காரணத்தைக் காட்டிக்கொடுக்கிறது. வேக நடையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ அத்தனை அடிகள்தாம் வைப்போம். பேண்டின் அடிப்பக்கத்துப் பச்சை விளக்கு தோலுக்குள் ஒளியைச் செலுத்த, ரத்தம் பாயும்போது திரும்பி வரும் ஒளி கூடிக் குறைவதைக் கொண்டு சென்சார் துடிப்பைக் கணிக்கிறது. பட்டை தளர்ந்திருந்தால், ஒவ்வோர் அடிக்கும் பேண்ட் குலுங்குவதையே அது துடிப்பென்று எடுத்துக்கொள்ளும். மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே, நழுவாத அளவுக்கு இறுக்கி, சென்சாரைத் துடைத்துவிட்டு நடந்து பாருங்கள். தள்ளுவண்டிக் குறைக்கு ஸ்மார்ட்வாட்ச் தீர்வாகாது: கையசைவைக் கொண்டு அடிகளை எண்ணும் கருவிக்கு, கைப்பிடியைப் பற்றிய கை நடப்பதாகத் தோன்றாது. அந்த நாள்களில் பேண்டைக் கழற்றிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம்.

மறுமொழி 2:
சர்க்கரை அளவு காட்டும் அந்த வாட்ச் வேண்டவே வேண்டாம். தோலைத் துளைக்காமல் தானாகவே சர்க்கரையை அளக்கும் வாட்ச், மோதிரம் எதற்கும் ஒப்புதல் அளிக்கவில்லை என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அப்படி ஒரு பொய்யைப் பெட்டியில் அச்சிடுபவர் தரும் நாடித்துடிப்பை மட்டும் எப்படி நம்புவது?

தூக்கத்தைக் கவனிக்க இரவிலும் அணிய வேண்டியிருப்பதால், கனமில்லாத, ஒரு வாரமாவது சார்ஜ் நிற்கும் பேண்டே உங்களுக்குப் பொருந்தும். (ஆழ்ந்த தூக்கம் இத்தனை நிமிடம் என்று அது பிரித்துக் காட்டுவது ஊகமே, மொத்தத் தூக்க நேரத்தை மட்டும் பாருங்கள்.) நடக்கும்போது ஃபோன் உடனிருக்குமானால் தனி ஜிபிஎஸ்ஸுக்குச் செலவழிக்க வேண்டாம். நீந்துவதானால் 5 ஏடிஎம் (5 ATM, நீர்க்காப்பின் அளவு) என்ற குறிப்பு இருக்கட்டும். அது இருந்தாலும் வெந்நீர், சோப்பு இரண்டும் நீர்க்காப்பைக் கெடுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, சார்ஜர் தனியாகக் கிடைக்குமா என்று விசாரியுங்கள். என் பழைய வாட்ச் ஒரு குறையும் இல்லாமல், சார்ஜர் தொலைந்த ஒரே காரணத்தால் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இன்று காலை பட்டையை மேலே ஏற்றி ஓர் ஓட்டை இறுக்கிக்கொண்டு நடந்தேன். நின்றவுடன் பேண்ட் 101 காட்டியது. கழுத்தில் எண்ணியபோது 25 துடிப்பு, அதாவது 100. இறுக்கியதில் பட்டை ஓட்டையோரம் லேசாகக் கிழிந்திருக்கிறது. இப்போதைக்குப் பட்டையை மட்டும் மாற்றிக்கொள்கிறேன்.