புதுப்பிப்பு: அந்த மஞ்சள் டயல் சீக்கோ கடிகாரம்

போன வாரம் ஒரு பழைய சீக்கோ 6139-6002 வாங்கியதைப் பற்றி எழுதி, இது எந்த வருடத்தது, டயல் அசலா என்று கேட்டிருந்தேன் இல்லையா, நேற்று ஒரு லென்ஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்துவிட்டேன்.

வருடம் சுலபம். பின்மூடியில் வரிசை எண் 4N என்று தொடங்குகிறது. முதல் இலக்கம் வருடத்தின் கடைசி எண், N என்றால் நவம்பர். கடிகாரத்துக்குள் இருக்கும் இந்த 6139 இயந்திரம் 1969-இல்தான் வந்தது, எழுபதுகளோடு முடிந்தும் போனது, ஆக 1974 நவம்பர் தவிர வேறு வழியில்லை. (ஸ்கைலேப் 4 விண்வெளிப் பயணத்தில் அமெரிக்க வீரர் வில்லியம் போக் இதே ரகத்தைக் கட்டிக்கொண்டு விண்வெளிக்குப் போய் அதே வருடம் பிப்ரவரியில் திரும்பிவிட்டார், என்னுடையது அப்போது பிறக்கவே இல்லை!)

டயல்தான் ஏமாற்றம். ஆறு மணிக்குக் கீழே விளிம்பில் இருக்க வேண்டிய பொடி எழுத்துக் குறியீடே காணோம், மஞ்சளும் கொஞ்சம் தடிப்பாக இருக்கிறது. யாரோ மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்கள், விற்றவர் மூச்சுவிடவில்லை.

அப்புறம், சாவி கொடுத்தும் ஓடவில்லை என்று புலம்பியிருந்தேனே, இதில் சாவியே கொடுக்க முடியாதாம். பக்கத்தில் இருக்கும் குமிழைத் திருகினால் டயலைச் சுற்றியுள்ள உள்வளையம் மட்டும் சுற்றும், கையில் ஆட்டினால்தான் ஓடும். ஆட்டினேன், ஓடுகிறது.