கன்சாஸில் ஏன் ரத்தம் சிந்தியது?

கேள்வி:
மகளுக்கு அமெரிக்க வரலாறு சொல்லித் தருகிறேன். 1820 மிசூரி உடன்பாட்டுப்படி கன்சாஸ் பகுதியில் அடிமை முறை கூடாதே? பிறகு எப்படி அங்கே சண்டை வந்தது?

பதில் 1:
1854-ல் செனட்டர் ஸ்டீபன் டக்ளஸ் கொண்டுவந்த கன்சாஸ்-நெப்ராஸ்கா சட்டம் அந்தத் தடையையே எடுத்துவிட்டது. குடியேறுகிறவர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யலாம் என்றார்கள். ஓட்டு வெள்ளை ஆண்களுக்கு மட்டும். அடிமைப்பட்டவர்களை யாருமே கேட்கவில்லை. மகளிடம் அதை முதலில் சொல்லுங்கள் தம்பி.

பதில் 2:
1855 மார்ச் தேர்தலைப் பாருங்கள். கணக்கெடுப்பில் வாக்காளர்கள் 2,905 பேர். விழுந்த ஓட்டு 6,000-க்கும் மேல்! பக்கத்து மாநிலமான மிசூரியிலிருந்து அடிமை முறையை ஆதரித்தவர்கள் துப்பாக்கியோடு எல்லை தாண்டி வந்து கள்ள ஓட்டுப் போட்டார்கள். மறு வருடம் மே 21 அன்று அடிமை முறையை எதிர்த்தவர்கள் வாழ்ந்த கன்சாஸின் லாரன்ஸ் ஊரை அடிமை முறை ஆதரவாளர்கள் சூறையாடி, பத்திரிகை அச்செழுத்துகளை அள்ளி ஆற்றில் கொட்டினார்கள்.

கேட்டவர்:
அச்செழுத்தையா! மனசு பதறுகிறது. இன்றிரவே அவளிடம் சொல்கிறேன் அண்ணா.