பேசுபொருளாக்கம்: 'அஜெண்டா செட்டிங்' என்பதற்கு என் பரிந்துரை

அன்புள்ள குழுவினருக்கு,

மக்கள் எதைப் பற்றி நினைக்க வேண்டும் என்பதை ஊடகங்கள் தீர்மானிக்கின்றன என்னும் கோட்பாடுதான் 'அஜெண்டா செட்டிங்'. அதற்குத் தமிழ்ச் சொல் என்ன என்று குழுவில் கேட்டதற்கு வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்தேன். உதகைக் கருத்தரங்கில் எங்கள் தொடர்பியல் துறை ஆசிரியர்கள் இம்முறை தமிழிலேயே கட்டுரை வாசிக்கப் போகிறோம். என் கட்டுரை முழுக்க இந்த ஒரு சொல்லை நம்பித்தான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வகுப்பில் இதுவரை 'நிகழ்ச்சி நிரல் அமைத்தல்' என்றுதான் சொல்லி வருகிறோம். அதைக் கைவிட வேண்டும். நிகழ்ச்சி நிரல் என்றதும் நம் நினைவுக்கு வருவது தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, நன்றியுரை என்று அச்சடித்த தாள். கருத்தரங்கு வாசலில் பெயரைப் பதிந்ததுமே பையோடு சேர்த்து அப்படி ஒன்றைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அதை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் மேடையிலிருந்து 'ஊடக நிகழ்ச்சி நிரல்' என்று சொன்னால், டிவியில் எத்தனை மணிக்கு என்ன போடுகிறார்கள் என்ற பட்டியலாகத்தான் எடுத்துக்கொள்வார். கட்டுரைக்குக் கிடைப்பதே சில நிமிடம். அதில் பாதி இந்த விளக்கத்துக்கே போய்விடும்.

குழுவில் குன்னூர் ஐயா பரிந்துரைத்த 'கருத்துத் திணிப்பு' கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் ஐயா, அது கோட்பாட்டையே தலைகீழாக்கிவிடும். 1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ஊடக ஆய்வாளர்கள் மாக்ஸ்வெல் மெக்கோம்ப்ஸும் டொனால்ட் ஷாவும் வட கரோலினாவிலுள்ள சேப்பல் ஹில்லில், யாருக்கு ஓட்டு என்று இன்னும் முடிவு செய்யாத 100 வாக்காளர்களைச் சந்தித்தார்கள். எந்தெந்தப் பிரச்சினை முக்கியம் என்று கேட்டார்கள். அவர்கள் சொன்ன வரிசையும், அந்த ஊருக்கு வந்த செய்தித்தாள், வார இதழ், தொலைக்காட்சிச் செய்திகள் கொடுத்த முக்கியத்துவத்தின் வரிசையும் பெரிதும் ஒத்துப்போயின. 1972இல் வெளியான அவர்களுடைய ஆய்வுக் கட்டுரையோடுதான் 'அஜெண்டா செட்டிங்' என்ற பெயரும் நிலைத்தது. என்ன நினைக்க வேண்டும் என்று சொல்வதில் பத்திரிகைகள் பெரும்பாலும் தோற்கலாம், எதைப் பற்றி நினைக்க வேண்டும் என்று சொல்வதில் அவை வியக்கத்தக்க அளவு வெற்றி பெறுகின்றன என்று அமெரிக்க அரசியல் அறிஞர் பெர்னார்ட் கோஹன் 1963இலேயே எழுதியிருந்தார். இங்கே யார் மண்டைக்குள்ளும் யாரும் கருத்தைத் திணிக்கவில்லை.

நம் மலையையே பாருங்கள். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வர இ-பாஸ் வேண்டும் என்று ஆனது. அன்றிலிருந்து சீசன் வந்தாலே செய்தி முழுக்க இ-பாஸ், சோதனைச்சாவடி, மலர்க் கண்காட்சிதான். கடைக்காரர் எதிர்க்கிறார், இன்னொருவர் ஆதரிக்கிறார். கருத்து வேறு வேறு, பேசுவது ஒன்றையே. அதே சமயம் பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியான விலை கேட்டு 2023இல் கோத்தகிரிப் பக்கம் சிறு விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். இலை பறிக்கும் வீடுகளில் தினமும் ஓடுகிற பேச்சு அதுதான். அது வெளியூர்க்காரர் காதுக்கு எந்த அளவு போகிறது? என் கட்டுரை எழுப்பும் கேள்வி இது.

எனவே என் பரிந்துரை: பேசுபொருளாக்கம். 'அது இப்போது பேசுபொருளாகியிருக்கிறது' என்று நாளிதழிலும் விவாத மேடையிலும் எல்லோரும் சொல்கிறோம். ஒன்று தானாகப் பேசுபொருள் ஆவது வேறு, யாரோ ஆக்குவது வேறு. அந்த 'ஆக்கம்'தான் கோட்பாட்டின் உயிர். அப்புறம், ஊடகங்கள் பேசுவதை ஊடகப் பேசுபொருள், மக்கள் பேசுவதை மக்கள் பேசுபொருள், ஆட்சியாளர்கள் கவனிப்பதைக் கொள்கைப் பேசுபொருள் என்று மூன்றையும் தடையில்லாமல் பிரித்துச் சொல்ல முடிகிறது. 'பேசுபொருளாக்குகிறார்கள்' என்று வினையாகவும் வரும்.

கோத்தகிரி அம்மாவின் மறுப்பு வலுவானது. 'பேசுபொருள் என்பது ஒற்றை விஷயம், அஜெண்டா என்பது பட்டியல். எது முதலில், எது கடைசியில் என்ற வரிசை போய்விடுகிறதே' என்று கேட்டிருந்தார். சேப்பல் ஹில் ஆய்வே வரிசைகளை ஒப்பிட்டதுதான், ஆக இதைத் தள்ளிவிட முடியாது. 'பேசுபொருள் நிரல்' என்று எழுதிப் பார்த்தேன். ஆனால் நிரல், நிரலாக்கம் இரண்டும் இப்போது கணினிக்காரர்களிடம் போய்விட்டன. பட்டியலைக் குறிக்கும் இடத்தில் 'பேசுபொருள் வரிசை' என்றும், செயலைக் குறிக்கும் இடத்தில் 'பேசுபொருளாக்கம்' என்றும் வைத்துக்கொண்டால் சரியாக வருகிறது. கதை, கவிதையின் உள்ளடக்கத்தையும் பேசுபொருள் என்கிறோமே என்று ஒருவர் கேட்டிருந்தார். அங்கே 'ஆக்கம்' சேராது, குழப்பம் வர வழியில்லை.

'முன்னிலைப்படுத்தல்' என்ற பரிந்துரையை இதற்கு எடுக்க வேண்டாம். ஒரே செய்திக்குள் எந்தப் பக்கத்தைத் தூக்கிக் காட்டுகிறார்கள் என்பதற்கு அது பின்னால் தேவைப்படும்.

இந்தக் கோட்பாட்டில் அடிக்கடி வரும் 'சேலியன்ஸ்' என்ற சொல்லுக்கு மட்டும் தமிழ் பாக்கி. 'முனைப்பு' என்று வைத்திருக்கிறேன். 'முக்கியத்துவம்' என்றால் ஒரு விஷயத்துக்கு உள்ளபடியே இருக்கும் மதிப்பு போலத் தொனிக்கிறது. இங்கே வேண்டியது மக்கள் கண்ணுக்கு எவ்வளவு துருத்திக்கொண்டு தெரிகிறது என்பது. ஆய்வுச்சுருக்கத்தை இந்த வாரக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். முனைப்புக்கு மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
உதகையிலிருந்து