மறு: ஆப்ஷன் – புதுப்பிப்பு விருப்பமா, தொடர்வுரிமையா?

வணக்கம் ஐயா,

கடைக் குத்தகைப் பத்திரத்தில் வரும் ‘ஆப்ஷன்’ (காலம் முடிந்ததும் குத்தகையைத் தொடரும் வாய்ப்பு) என்பதற்கு நம் தமிழ்ச் சொற்பட்டியலில் நீங்கள் பரிந்துரைத்த ‘புதுப்பிப்பு விருப்பம்’ என்ற சொல்லை நானும் சில காலம் எழுதிவந்தேன். போன மாதம் இங்கே சிட்னியில் ஒரு மளிகைக் கடைக்காரருக்கு அவருடைய குத்தகைப் பத்திரத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் அதை விட்டேன். “ஐந்து மாதக் குத்தகை. விருப்பத்தின் பேரில் இன்னும் ஐந்து மாதம் புதுப்பிக்கப்படும்” என்றேன். அவர் அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு, “யார் விருப்பத்தின் பேரில்? எனக்கா, கட்டிடக்காரருக்கா?” என்று கேட்டார்.

அவர் கேட்டதில்தான் சட்டமே நிற்கிறது. சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் 1994ஆம் ஆண்டு சில்லறைக் கடைக் குத்தகைச் சட்டம் 6 மாதத்துக்குக் குறைந்த குத்தகைக்குப் பொருந்தாது. ஆனால் நீட்டிக்கும் உரிமை குத்தகைதாரர் கையில் இருந்தால் அந்த விலக்கு கிடையாது. ஐந்து மாதம் மட்டும் என்றால் சட்டத்துக்கு வெளியே. ஐந்து மாதத்தோடு அவருக்கு ஓர் ஆப்ஷன் இருந்தால் உள்ளே. உள்ளே வந்துவிட்டால், கையெழுத்துக்கு 7 நாள் முன்பே குத்தகை விவரங்களைக் கட்டிடக்காரர் எழுதித் தரும் விவர அறிக்கை கைக்கு வர வேண்டும். கடையைத் தருவதற்கென்று தனியாகப் பணம் கேட்கக் கூடாது. சிறு கடைக்காரருக்கு இதெல்லாம் பெரிய விஷயம்.

இதே ஆப்ஷன் வெளியே தள்ளுவதும் உண்டு. 25 ஆண்டோ அதற்கு மேலோ போகும் குத்தகைக்கு அந்தச் சட்டம் இல்லை; குத்தகைதாரர் நீட்டிக்கக்கூடிய காலத்தையும் கூட்டித்தான் கணக்கு. 20 ஆண்டும் 5 ஆண்டு ஆப்ஷனும் சேர்ந்தால் கதவு மூடிவிடும். பக்கத்து மாநிலமான விக்டோரியாவில் சில்லறைக் கடைக் குத்தகை குறைந்தது 5 ஆண்டு என்பதும் ஆப்ஷனைச் சேர்த்த கணக்குத்தான்.

ஆகவே ‘உரிமை’ என்ற சொல் கட்டாயம் வேண்டும் என்பது என் எண்ணம். அப்புறம், ‘புதுப்பிப்பு’ என்றால் புதுப் பத்திரம், ‘நீட்டிப்பு’ என்றால் பழைய பத்திரமே நீள்வது. சட்டம் இரண்டையும் எண்ணுவதால் ‘தொடர்வுரிமை’ பொருந்தும் என்று தோன்றுகிறது. ‘குத்தகைதாரரின் தொடர்வுரிமை’ என்று முதலில் ஒருமுறை முழுதாக எழுதிவிட்டால் போதும்.

உரிமை என்றால் தானாகவே கிடைத்துவிடும் என்று நினைத்துவிடுவார்களே என்று அக்கா கேட்டிருந்தார். சரியான கேள்வி. பத்திரத்தில் சொன்ன தேதிக்குள் எழுத்தில் அறிவிக்காவிட்டால் அது கைநழுவிப் போகும். எனவே வினைச்சொல்லையும் சேர்த்தே பட்டியலில் போடுவோம்: ‘தொடர்வுரிமையைப் பயன்படுத்துதல்’.

ஒரு குழப்பத்தை மட்டும் தவிர்க்க வேண்டும். தவணை, அதாவது குத்தகைக் காலம், முடிந்த பிறகும் கட்டிடக்காரர் ஒன்றும் சொல்லாததால் மாதாமாதம் வாடகை கட்டிக்கொண்டு இருப்பது தொடர்வுரிமை ஆகாது. அதை ‘தவணை கடந்த இருப்பு’ என்று பிரித்து எழுதலாம். அதற்கும் தனிக் கணக்கு உண்டு: 6 மாதத்துக்குக் குறைந்த குத்தகைக்காரர் இப்படியே இடைவிடாமல் ஓராண்டுக்கு மேல் கடையில் இருந்தால், அந்த ஓராண்டு முடிந்ததிலிருந்து சட்டம் பொருந்தும்.

கடைக்காரரிடம் மறுபடி படித்துக் காட்டினேன்: “ஐந்து மாதம் முடிந்ததும் இன்னும் ஐந்து மாதம் தொடரும் உரிமை உங்களுக்கு உண்டு.” “அப்போ முடிவு என்னுடையது” என்றார்.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் இந்த மூன்றையும் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.